மேசைக்கு ஒரு சட்டை

குஷன்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிடுவார். துணி எங்கே சுருங்கியிருக்கிறது, மூலையில் மடிப்பு எப்படி விழுந்திருக்கிறது என்று விரல் தன்பாட்டுக்கு விசாரித்துக்கொண்டிருக்கும். வாய் தன்பாட்டுக்கு நலம் விசாரித்துக்கொண்டிருக்கும். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நேரத்தில்கூட அந்த விரல் சும்மா இருக்கவில்லை. டாக்டரின் எதிரே உட்கார்ந்து, ஸ்டூலின் கிழிந்த ரெக்சினைத் தடவிக்கொண்டேதான் டாக்டர் சொன்னதைக் கேட்டார். கேட்டதில் பாதி மண்டையில் ஏறவில்லை. ஏறிய பாதி இதுதான்.

"ரெண்டு மாசத்துல இது ரெண்டாவது தடவை," என்றார் டாக்டர். "உங்க வீட்டுல ஏதோ ஒண்ணு பிள்ளையோட நெஞ்சுக்கு ஒத்துக்கல. தூசியா இருக்கலாம், பூஞ்சையா இருக்கலாம். ரூமைச் சுத்தமா வைங்க. இன்னொரு தடவை இப்படி வந்துதுன்னா, கொஞ்ச காலம் வேற வீட்டுல வெச்சுத்தான் பாக்கணும். சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள். அதுதான் சங்கடம். மனைவியின் அக்கா அரை நாள் பயண தூரத்தில் நல்ல காற்றோட்டமான வீட்டில் இருக்கிறாள். விஷயம் கேள்விப்பட்ட அன்றே போன் செய்து, "கொண்டாந்து விட்டுடுங்க, நானே வளக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அந்த 'வளக்கிறேன்' குஷன்காரருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாமே? அவரும் மனைவியும் இங்கே என்ன, பிள்ளையை வளர்க்காமல் ஊஞ்சல் ஆடிக்கொண்டா இருக்கிறார்கள்?

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவுதான் இருப்பாள், வாயைத் திறந்தால் காரம். குஷன்காரரும் மனைவியும் சேர்ந்து ஒரு கடை வைத்திருந்தார்கள். கார், பஸ், ஸ்கூட்டர் என்று எந்த வண்டியானாலும் சீட்டுக்கு உறை போட்டுக் கொடுப்பார்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் அவர், தைப்பது அவள். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டு வாசலில் கால் வைத்தால் போதும், மிளகு எங்கிருந்தாலும் பறந்து வந்து அவர் மேல் ஏறிவிடுவாள். ஏறியதும் முதல் வேலையாக அவர் காதுக்குப் பின்னால் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுப்பாள். "கடை வாசனை" என்பாள். என்ன வாசனை, ஏது வாசனை என்று இவர்களுக்கு ஒன்றும் புரியாது. "இவளுக்கு மட்டும் ஏதோ வருது பாரு" என்று சிரித்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டே வீட்டைச் சுற்றுவார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தாள். கறார் பேர்வழி, ஆனால் தங்கமான குணம். பிள்ளையின் அறையை போனில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். கொண்டுபோய்க் காட்டினார். அவள் படத்தைப் பெரிதாக்கி, ஜன்னலோரம் இருந்த மேசையில் விரலை வைத்தாள்.

"இது என்ன மரம், இப்படி வெடிச்சுக் கிடக்கு? சாப்பாட்டுத் துணுக்கு, பால், தண்ணி எல்லாம் இந்த இடுக்குலதான் போகும். பூஞ்சை பிடிக்கிறது இங்கதான். ஒண்ணு இதைத் தூக்கிப் போடுங்க, இல்லேன்னா மேல ஏதாவது போட்டு மூடுங்க. ஈரத்துணியால தினம் துடைக்கிற மாதிரி வழவழன்னு இருக்கணும்."

அதோடு ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்தாள். திரைச்சீலை கூடாது. ஜமுக்காளம் கூடாது. பஞ்சு பொம்மை கூடாது. பெயின்ட், வார்னிஷ், செண்ட், கொசுவத்தி எதுவும் கூடாது. குஷன்காரர் அதைச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்து, ஒவ்வொன்றாக முடித்து, முடித்ததன் பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். மேசை விஷயம் வந்தபோது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. ஒன்பது நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்றும் செய்யத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்ற மனிதர். இதோ, அவருக்குத் தெரிந்த வேலை ஒன்று வந்துவிட்டது. மூடுவதா? அவரிடமா சொல்கிறார்கள்?

கடைக்குப் போய்த் துணி எடுத்தார்கள். மேலே வழவழவென்று, தண்ணீர் பட்டால் முத்து முத்தாக நிற்கும்; அடியில் பருத்தி. நீலத்தில் சின்னச் சின்னக் குடைகள். மேசைக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு வாங்கினார். அதுவும் தொழில் வழக்கம்தான். ஒரு வெட்டு தப்பினால் இன்னொரு வெட்டுக்குத் துணி இருக்க வேண்டும். துணி விற்ற பெண், "புதுசுல லேசா வாசனை அடிக்கும், நாலு நாள் வெயில்ல போட்டு எடுங்க" என்றாள். மனைவி அந்தப் பேச்சைச் சட்டமாக எடுத்துக்கொண்டு, இரண்டு துண்டுகளையும் மொட்டைமாடிக் கொடியில் நாலு நாள் காயப்போட்டாள். போதாக்குறைக்கு இரண்டு தடவை சோப்பு நீரில் அலசினாள். அவ்வளவு ஜாக்கிரதை.

மிளகு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீடு திரும்புவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை மத்தியானம் குஷன்காரர் மேசையில் கை வைத்தார். வெடிப்புகளைச் சுரண்டி எடுத்து, துடைத்து, உலரவிட்டார். கடையிலிருந்து சொல்யூஷன் டப்பாவைக் கொண்டுவந்தார். சீட் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்யூஷன் இல்லாமல் பொழுதே விடியாது. ரெக்சினை ஒட்டுகிற அந்த மஞ்சள் பசையைத்தான் அப்படிச் சொல்வார்கள். மரத்தில் ஒரு பூச்சு, துணியின் அடியில் ஒரு பூச்சு. புறங்கையால் தொட்டுப் பார்த்து, பிசுபிசுப்பு பதத்துக்கு வந்ததும், மனைவி எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள, நடுவில் இறக்கி ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போனார். தூசி பறந்து ஒட்டிவிடக்கூடாதென்று ஜன்னலை இறுக்கச் சாத்தியிருந்தார்கள். நாலு மூலையும் சோப்புக்கட்டி மாதிரி மழமழவென்று மடங்கி அடியில் போய் ஒட்டின. ஒரு சுருக்கம் இல்லை. ஒரு காற்றுக்குமிழி இல்லை.

"எப்படி?" என்றார்.

"துணி போட்ட மாதிரியே இல்லங்க. மேசையே இப்படிப் பிறந்த மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. அவள் லேசில் பாராட்டுகிறவள் இல்லை. இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் டீயில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. பிறகு அறைக்குள் தூசி போகாமல் கதவையும் சாத்தி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மனைவியின் தம்பி வந்தான். பேக்கரி வேன் ஓட்டுகிறவன். பிள்ளையைக் கூட்டிவர வேன் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மற்றவர் காலை வாருவதே அவனுக்குப் பிழைப்பு. வேன் ஓட்டுவதெல்லாம் பொழுதுபோக்கு. ஒரு தடவை குரலை மாற்றிக்கொண்டு போன் செய்து, ரோடு அகலப்படுத்த உங்கள் கடையை இடிக்கப்போகிறோம் என்று சொல்லி, அக்காவை அரை நாள் அழவைத்தவன். அதனால் அவன் மிளகின் அறைக்கதவைத் திறந்து, ஓர் அடி உள்ளே வைத்து, இரண்டு அடி பின்னால் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டபோது யாரும் அசைந்து கொடுக்கவில்லை.

"என்ன மாமா, உள்ள பஞ்சர் கடை போட்டிருக்கீங்களா?"

"ஆரம்பிச்சுட்டான்யா," என்றார் குஷன்காரர். "மாப்ள, மேசையைப் பாரு முதல்ல. அப்புறம் பேசு."

"எங்க பாக்கிறது, கண்ணு எரியுது. அக்கா, ஜன்னலைத் திற."

"இவனுக்கு எல்லாம் வேடிக்கை," என்றாள் மனைவி. "பிள்ளை வர்ற நாள்டா, இன்னிக்காவது கொஞ்சம் சும்மா இரு."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா நின்றான். அவன் சும்மா நின்றதைப் பார்த்ததும்தான் குஷன்காரருக்கு என்னவோ போலிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். மச்சினன் கண்கள் சிவந்து, ஓரத்தில் நீர் கட்டியிருந்தது. கண்ணீரை நடிக்கிற அளவுக்கு அவனுக்குச் சாமர்த்தியம் கிடையாது.

"மாமா, சத்தியமா சொல்றேன். சொல்யூஷன் வாசனை அடிச்சுத் தூக்குது. ரெண்டு நிமிஷம் நின்னா எனக்கே தலை சுத்தும். மிளகு எப்படி இதுல தூங்குவா?"

மனைவி ஓடிப்போய் மேசையில் குனிந்து மூக்கை வைத்தாள். நிமிர்ந்து கணவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒன்றும் இல்லை. அவரும் குனிந்து வைத்தார். இந்த மூலை, அந்த மூலை, நடுவில் ஒரு குடையின் மேல். ஒன்றும் இல்லை. ஐம்பது வயதை நெருங்குகிற மனிதரும் அவர் பெண்டாட்டியும் மேசையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததை வேறு நாளாக இருந்தால் மச்சினன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பான்.

"உங்களுக்கு வரலையா?" என்றான் மெதுவாக. "ரெண்டு பேருக்குமே வரலையா? நான் உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். உங்க சட்டையில, அக்கா தலைமுடியில, எப்பவும் இதே வாசனைதானே மாமா. வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே லேசா அடிக்கும்."

பதினெட்டு வருடம். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஏழு வரை அந்த மஞ்சள் டப்பாவின் பக்கத்திலேயே இருந்து இருந்து மூக்கு அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டிருக்கிறது. துணிக்கு வாசனை உண்டென்று சொல்ல ஒரு கடைக்காரப் பெண் இருந்தாள். சொல்யூஷனுக்கு வாசனை உண்டென்று இந்த வீட்டில் சொல்ல யார் இருந்தார்கள்? நர்ஸின் பட்டியலில் அது இல்லை. என்ன வேலை என்று டாக்டர் கேட்டபோது சீட் தைக்கிறோம் என்றுதான் இவர் சொன்னார். டாக்டரும் பஞ்சு, தூசி என்று அதோடு விட்டுவிட்டார்.

யார் இருந்தார்கள் என்று நினைத்த மாத்திரத்தில் குஷன்காரரின் கை தானாகத் தன் காதுக்குப் பின்னால் போனது. கடை வாசனை. ஒருத்தி தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உக்காந்தா ஆச்சா?" என்றாள் மனைவி. அவளுக்கும் முகம் செத்துப்போயிருந்தது, ஆனால் கை நிற்கவில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தாள். "மேசையை வெளிய தூக்கணும். ரூமைக் கழுவணும். நானும் தம்பியும் பாத்துக்கிறோம். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்க. ஒரு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க. வெக்கப்பட்டுக்கிட்டு அவளைக் கூட்டிட்டு வந்துடாதீங்க."

போகிற வழியெல்லாம் குஷன்காரர் தன்னைத் தானே வைதுகொண்டே போனார். நல்ல தமிழில் எழுத முடியாத வசவுகள், விட்டுவிடுவோம். நர்ஸ் முன்னால் போய் நின்று, கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

நர்ஸ் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"பசையைப் பத்தி யாரும் கேக்கல சிஸ்டர்."

"சரிதான். நாங்களும் கேக்கல." அவள் பேனாவை எடுத்துத் தன் சீட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட நான் பேசறேன். நாளைக்கு வரைக்கும் கட்டில் இருக்கு. ரெண்டு பேரும் கடையிலயே குளிச்சுட்டு, வேற துணி மாத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும். செருப்புகூட உள்ள வரக்கூடாது. தலையை நல்லா தேய்ச்சுக் குளிக்கணும். உங்க மூக்கை நம்பாதீங்க. நீங்களே வந்து சொன்னதால தப்பிச்சோம்."

மிளகு புறப்படத் தயாராகிக் கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. அப்பா தனியாக வருவதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான். அப்பா ஒரு தப்பு பண்ணிட்டேன்." பக்கத்தில் உட்கார்ந்து, மேசை, குடைத்துணி, சொல்யூஷன் எல்லாவற்றையும் சொன்னார். மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதைச் சொன்னபோது அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அந்த வாசனையாலதான் இருமல் வருதா?"

"அப்படித்தான் நினைக்கிறாங்க."

"எனக்குத் தெரியும்," என்றாள் மிளகு.

"என்ன தெரியும்?"

"நீ வந்து தூக்கினா கொஞ்ச நேரத்துல இங்க இறுக்கும்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "அப்புறம் படுத்ததும் இருமும். ஞாயித்துக்கிழமை கடை இல்ல, அன்னிக்கு வராது."

"ஏன்டா கண்ணு சொல்லல?"

"சொன்னா தூக்க மாட்டே."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். குஷன்காரர் தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது; ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதார். இரண்டு மாதமாக, அவர் நினைத்துப் பார்த்தால் அதற்கும் முன்னாலிருந்து, அந்தப் பிள்ளை தினமும் வாசலில் வந்து, இருமலை விலையாகக் கொடுத்து அவர் கழுத்தில் தொங்கியிருக்கிறாள். அவரோ குளிர்ந்த தண்ணீர் குடித்ததுதான் காரணம் என்று அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

"அழாதேப்பா," என்றாள் மிளகு. கொஞ்சம் பயந்துவிட்டாள். "பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிடுவியா?"

"உனக்கு யார் சொன்னா?"

"அம்மா போன்ல பேசினா. நான் தூங்கலை."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார். "இங்க பாரு மிளகு. இனிமே கடையிலயே குளிச்சுட்டு வருவேன். வாசல்ல நிப்பேன். நீ மோந்து பாத்துச் சொல்லணும். எனக்கும் அம்மாவுக்கும் மூக்கு வேலை செய்யாது, நீதான் சொல்லணும். வாசனை இருந்தா போய் இன்னொரு தடவை குளிப்பேன், வந்து தூக்குவேன். எத்தனை தடவை சொன்னாலும் குளிப்பேன். கடைசியில தூக்காம விட மாட்டேன். ஆனா நீ பொய் சொன்னா எனக்குத் தெரியவே தெரியாது. உனக்குத்தான் மறுபடி நெஞ்சு இறுக்கும், அப்புறம் பெரியம்மா வீடுதான். புரியுதா?"

"புரியுது," என்றாள். அந்தக் குரலில் பாதி நம்பிக்கைதான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினால், அறை காலியாகிக் கிடந்தது. தரை இன்னும் ஈரமாக இருந்தது. மேசை மொட்டைமாடிக்குப் போய்விட்டிருந்தது. ஜன்னலில் மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்து ஓடவிட்டிருந்தாள் மனைவி. தம்பியைத் தெருமுனைக்கு அனுப்பியிருந்தாள். அவன் மூக்கும் பத்து நிமிடம் உள்ளே இருந்தால் பழகிவிடுகிறதாம். தெருமுனை வரை நடந்து நல்ல காற்றை வாங்கிக்கொண்டு வந்தால்தான் மறுபடி வேலை செய்கிறதாம். ஆறாவது தடவையாக நடந்து வந்துகொண்டிருந்தான்.

"பத்து நிமிஷத்துக்கே என் மூக்கு இப்படின்னா, பதினெட்டு வருஷத்துக்கு உங்க மூக்கு என்ன மாமா பண்ணும் பாவம்," என்றான். அவன் வேடிக்கையாகச் சொன்னானா ஆறுதலாகச் சொன்னானா தெரியவில்லை. குஷன்காரர் ஆறுதலாகவே எடுத்துக்கொண்டார்.

மேசைக்கு என்ன செய்வது? சொல்யூஷன் குடித்த மரம் இனி உள்ளே வராது. மனைவி யோசிக்கவே இல்லை. சமையலறையில் காய் நறுக்குகிற மேசையைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்துவிட்டிருந்தாள். நாளையிலிருந்து நின்றுகொண்டே நறுக்குவாளாம். மேல்பலகையெல்லாம் கத்திக் கீறல். அதையும் மூடத்தான் வேண்டும். கொடியில் இரண்டாவது துண்டுத் துணி இருந்தது.

"ஒட்டாம எப்படிம்மா போடுறது?" என்றார் குஷன்காரர். "ஸ்டேப்ளர் பின் அடிச்சா இழுத்த இடம் பல்லு இளிக்கும். சொல்யூஷன் இல்லாத வேலை அரை வேலை. சுருங்கிப்போகும்."

"சுருங்கட்டும்," என்றாள் அவள். "ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை தைக்கிறோமே, அந்த மாதிரி. நாலு மூலையும் தைச்சு, ஓரத்துல நாடா கோத்து, அடியில இழுத்துக் கட்டிடலாம். வேணும்னா கழட்டிக் கழுவலாம்."

தையல் மெஷின் கடையில்தான் இருந்தது. அதன் மேலேயே எத்தனை வருடச் சொல்யூஷனோ. அதனால் கையாலேயே தைப்பது என்று முடிவாயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் தலை முதல் கால் வரை தேய்த்துக் குளித்து, கடைக்கே போகாத நல்ல உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டு, தம்பியிடம் மோந்து பார்க்கச் சொல்லிச் சம்மதம் வாங்கினார்கள். பிறகு மொட்டைமாடியில் எதிரெதிரே உட்கார்ந்து, செய்தித்தாளில் அளவு வெட்டி, மத்தியானம் முழுவதும் தைத்தார்கள். குஷன்காரர் கையால் ஊசி பிடித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. விரலில் மூன்று இடத்தில் குத்திக்கொண்டார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. உறையை மாட்டி நாடாவை இழுத்துக் கட்டியபோது இடது மூலையில் மூன்று சுருக்கம் விழுந்தது. கடையில் இப்படி ஒரு வேலை வந்திருந்தால் பிரித்துப் போட்டிருப்பார். விரல் அதைத் தடவிப் பார்த்தது, தடவிவிட்டுச் சும்மா இருந்தது.

மறுநாள் மிளகு வந்தாள். வந்ததும் நேராக மேசைக்குப் போய், சுற்றிச் சுற்றிப் பார்த்து, அடியில் குனிந்து நாடாவைக் கண்டுபிடித்தாள். "மேசைக்குச் சட்டை போட்டிருக்கு," என்றாள். ஒரு குவளை தண்ணீரை வேண்டுமென்றே கொட்டி, அது குடைகள் மேல் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி கொட்டினாள். யாரும் தடுக்கவில்லை. அன்று ராத்திரி இருமல் இல்லை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, அன்றும் இல்லை.

ஆனால் சனியும் ஞாயிறும் ஒரு கணக்கா? திங்கட்கிழமைதான் குஷன்காரருக்குப் பரீட்சை. அன்று கடையில் பஸ் சீட் வேலை. மூன்று டப்பா சொல்யூஷன் காலியாயிற்று. மனைவி முன்னதாகவே கிளம்பிக் குளித்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் கடைக்குப் பின்னாலிருந்த குழாயடியில் அரைக்கட்டி சோப்பைக் கரைத்துக் குளித்தார். இறுக்க மூடிய டப்பாவில் வைத்திருந்த மாற்றுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். செருப்பைத் தெருவாசலிலேயே விட்டுவிட்டு, நிலைப்படிக்கு வெளியே நின்று, "மிளகு" என்று கூப்பிட்டார்.

அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஈரத்துணியோடு ஓடி வந்தாள். பாய்ந்து ஏறவில்லை. படியருகே நின்றாள். அவர் குனிந்து கழுத்தை நீட்டினார். அவள் காதுக்குப் பின்னால் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

"உள்ள வா," என்றாள். கையைத் தூக்கிவிட்டாள், தூக்கச் சொல்லி.

ரொம்பச் சீக்கிரம் சொல்லிவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றாள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். குஷன்காரரின் இரண்டு கையும் பிள்ளையைத் தூக்கத் தவித்தன. தன் மூக்கைக் கேட்டால் ஒன்றும் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்தபடியே காத்திருந்தார்.

மிளகு கையை இறக்கினாள். ஈரத்துணியை முறுக்கினாள். தரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப மெல்லிய குரலில் சொன்னாள்.

"காதுக்குப் பின்னாடி கொஞ்சம் இருக்கு."

"இருக்கா?"

"இந்தப் பக்கம் மட்டும்."

"இதோ வந்துட்டேன்," என்றார் அவர். மனைவியிடம் சோப்பைக் கேட்டு வாங்கி, படியிறங்கி வீட்டு வாசல் குழாயடிக்குப் போய், காது இரண்டும் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார். தேய்க்கும்போது கண்ணில் நீர் வந்தது; சோப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அவர் வாழ்க்கையில் யார் எந்தக் குறை சொன்னபோதும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

திரும்பி வந்து குனிந்தார். மிளகு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, மறுபடி இந்தப் பக்கம் ஒரு தடவை என்று நிதானமாகப் பார்த்தாள்.

"இப்ப இல்ல," என்றாள்.

தூக்கினார். முன்பு போலவே இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அறையைச் சுற்றி வந்தார். மேசைக்கருகே வந்தபோது அவர் காதிலிருந்து தண்ணீர் சொட்டிக் குடைகளின் மேல் விழுந்தது. மிளகு கீழே இறங்கவில்லை. ஒரு கையால் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே குனிந்து, கையிலிருந்த துணியால் அதைத் துடைத்தாள்.